மொபைல் ஹோம் பார்க்கை அங்கேயே தங்கும் மேனேஜரை வைத்து நடத்துவது எப்படி? கலிபோர்னியா உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொபைல் ஹோம் என்பது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு. மொபைல் ஹோம் பார்க்கில் வீடு குடியிருப்பவருடையது, நிலம் பார்க் உரிமையாளருடையது. ஒரு வீடு நிற்கும் மனைதான் ஓர் "இடம்". வீட்டுக்காரர் மாதாமாதம் இடவாடகை கட்டுகிறார். சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பல பழைய பார்க்குகளில் மின்சாரமும் எரிவாயுவும்கூட உரிமையாளரின் பொறுப்பு. சிறு நகராட்சிக்கு உள்ள வேலை அத்தனையும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். இங்கே உள்ள பதில்கள் கலிபோர்னியாவை வைத்து எழுதப்பட்டவை. குழாய், மின்சாரம், பணம் பற்றியவை எங்கும் பொருந்தும்.

மேனேஜர் பார்க்கிலேயே குடியிருந்தாக வேண்டுமா?

50 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள பார்க்கில் பொறுப்பான ஒருவர் உள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அவசர நேரத்தில் எந்த வால்வை, எந்த சுவிட்சை மூடுவது என்பதும், பார்க்கின் அவசரகாலத் திட்டமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 50-க்குக் குறைந்தால் தொலைபேசியில் கிடைத்து, தாமதமில்லாமல் வந்து கவனிக்கும் ஒருவர் போதும்.

சட்டம் கேட்காவிட்டாலும் சுமார் 40 இடம் தாண்டினால் உள்ளே ஒருவர் இருப்பதே சிக்கனம். இரவு 11 மணிக்கு உடைந்த குழாயை 10 நிமிடத்தில் மூடுவதற்கும், காலையில் பிளம்பர் வரும்வரை ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மாதத் தண்ணீர் பில்லிலேயே தெரியும்.

எத்தனை இடத்துக்கு எவ்வளவு வேலை? சம்பளம் எப்படிக் கொடுப்பது?

வீடுகள் எல்லாம் குடியிருப்பவர்களுடையவை என்றால் 50 முதல் 80 இடங்கள் வரை அரைநேர வேலை. நூறைத் தாண்டினால் முழுநேரம். பார்க்குக்கே சொந்தமான வாடகை வீடுகள் பத்துப் பதினைந்து இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது: கூரை ஒழுகுவது, வாட்டர் ஹீட்டர் கெடுவது எல்லாம் உங்கள் தலையில் விழும். அப்போது தனியாக ஒரு பராமரிப்பு ஆள் வேண்டும்.

"இடவாடகை இலவசம், சம்பளம் கிடையாது" என்ற பழைய ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். மேனேஜர் ஊழியர், வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2026 ஜனவரி 1 முதல் மாநில அளவில் அது மணிக்கு 16.90 டாலர், பல நகரங்களில் இன்னும் அதிகம். தங்குமிடத்தைக் கூலியில் கழிப்பதானால் முன்கூட்டியே, அவர் விருப்பத்தோடு, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கழிக்கும் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. வேலைக்காகவே அங்கே தங்கச் சொல்லியிருந்தால், தங்கியிருக்கும் நேரம் முழுவதும் வேலைநேரம் ஆகாது. உண்மையில் வேலை செய்த நேரம்தான் கணக்கு. ஆனால் அந்த நேரத்தை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே. தினமும் அவர் கையெழுத்திட்ட நேரக்குறிப்பு இல்லையென்றால், மூன்று வருடம் கழித்து அவர் "நாளுக்கு 14 மணி நேரம் உழைத்தேன்" என்று வழக்குப் போட்டால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. தொழிலாளர் விபத்துக் காப்பீடு ஒரே ஒரு ஊழியருக்கும் கட்டாயம்.

அவர் யாருடைய வீட்டில் தங்குவது நல்லது?

பார்க்குக்குச் சொந்தமான வீட்டில். இதில் பலர் தவறுகிறார்கள். பார்க்கிலேயே சொந்த வீடு வைத்திருப்பவரை மேனேஜராக்குவது எளிதாகத் தெரியும்: ஆள் தெரிந்தவர், தனியாக வீடு தேட வேண்டாம். ஆனால் அவரை வேலையிலிருந்து நீக்கினாலும் அவர் அதே இடத்தில் குடியிருப்பவராகத் தொடர்வார். குடியிருப்பவருக்குரிய சட்டப் பாதுகாப்பு முழுவதும் அவருக்கு உண்டு. கோபத்தோடு இருக்கும் முன்னாள் மேனேஜர், எல்லார் கணக்கும் தெரிந்தவர், அடுத்த தெருவிலேயே இருப்பார். பார்க் வீட்டில் தங்க வைத்து, "இந்தக் குடியிருப்பு வேலையோடு சேர்ந்தது, வேலை முடிந்தால் இத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்" என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பார்க் விதிகள் உரிமையாளருக்கும் ஊழியருக்கும் சேர்த்துத்தான் என்று சட்டமே சொல்கிறது. வயது வரம்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மேனேஜர் வீட்டு முன்னால் பழுதான கார் நின்றால், அவர் கொடுக்கும் எந்த நோட்டீஸுக்கும் மரியாதை இருக்காது.

எந்த அதிகாரத்தை அவரிடம் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது?

பார்ப்பது, எழுதுவது, அவசரத்தில் முதல் நடவடிக்கை எடுப்பது மூன்றும் மேனேஜரின் வேலை. முடிவு உங்களுடையது. பணம் இருவர் கையிலும் நேரடியாகப் புழங்காமல் வங்கிக்குப் போக வேண்டும்.

தண்ணீரை மூடலாம், பிளம்பரைக் கூப்பிடலாம், 300 டாலர் வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்று எல்லை வையுங்கள். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்றால் எல்லை இல்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். வாடகைத் தள்ளுபடி, தாமதக் கட்டண விலக்கு, வீடு வாங்க வருபவரை ஏற்பது அல்லது மறுப்பது, வெளியேற்ற நோட்டீஸ் ஆகியவற்றை அவரிடம் விடாதீர்கள். அண்டை வீட்டாரிடம் கறாராக இருக்க வேண்டிய சங்கடத்தை அவர் தலையில் கட்டினால், ஒன்று அவர் எல்லாருக்கும் சலுகை கொடுப்பார், அல்லது பிடித்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார். இரண்டாவதுதான் பாகுபாட்டு வழக்காக வரும். "அது ஆபீஸ் முடிவு, நான் எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்ல முடிகிற மேனேஜர் நீண்ட நாள் நிலைப்பார்.

வாடகையை மேனேஜர் வாங்கலாமா?

காசோலை, மணியார்டர் (முன்பே பணம் கட்டி வாங்கும், காசோலை போன்ற சீட்டு), ஆன்லைன் கட்டணம் வாங்கலாம். ரொக்கம் வேண்டாம். ஆபீஸ் கதவில் பூட்டுள்ள பெட்டி வைத்து, வந்த காசோலைகளின் பின்னால் அன்றே "டெபாசிட்டுக்கு மட்டும்" என்ற முத்திரை குத்தச் சொல்லுங்கள். பெறுநர் பெயர் எழுதப்படாத மணியார்டர் ரொக்கத்துக்குச் சமம். பெட்டியில் போடும் முன்பே பார்க் பெயரை எழுதும்படி குடியிருப்பவர்களிடம் சொல்ல வேண்டும்.

திருட்டு பெரும்பாலும் வாங்கிய பணத்தில் நடப்பதில்லை. கணக்கிலேயே வராத இடத்தில்தான் நடக்கிறது. காலி என்று பட்டியலில் இருக்கும் வீட்டில் ஒருவர் இருப்பார், வாடகை வேறு கைக்குப் போகும். இதைப் பிடிக்க ஒரு எளிய வழி: ஒவ்வொரு மாதமும் வாடகைப் பட்டியலையும் தண்ணீர் மீட்டர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலியான இடத்தில் மாதம் 2,000 காலன் ஓடியிருந்தால் கசிவு, அல்லது ஆள். இரண்டில் எதுவானாலும் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான். மீட்டர் எடுப்பவரே பட்டியலையும் எழுதுவதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களோ வேறொருவரோ நேரில் மீட்டரைப் பாருங்கள்.

வாடகை வராவிட்டால் வரிசை என்ன?

கெடு நாளிலிருந்து 5 நாள் கழிந்த பின்னரே நோட்டீஸ். முதலில் 3 நாளில் கட்டச் சொல்லும் நோட்டீஸ். குடியிருப்பை முடிக்கும் 60 நாள் நோட்டீஸை அதோடு சேர்த்தே கொடுக்கலாம். வீட்டின் மேல் கடன் கொடுத்தவருக்கும் பிரதி போக வேண்டும். 3 நாள் நோட்டீஸை நேரில் கொடுக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள பொறுப்பான ஒருவரிடம் கொடுத்தோ, அதுவும் முடியாவிட்டால் கதவில் ஒட்டியோ, கூடவே தபாலிலும் அனுப்ப வேண்டும். கதவில் ஒட்டிவிட்டு வருவதை மட்டும் நம்பாதீர்கள். தொகையைச் சரியாக எழுதுங்கள். பாக்கியோடு வேறு கட்டணங்களை ஏற்றிக் காட்டிய நோட்டீஸ் நீதிமன்றத்தில் விழும்.

அதிகம் கெடுக்கும் தவறு ஒன்று: நோட்டீஸ் போன பிறகு மேனேஜர் இரக்கப்பட்டு 200 டாலர் வாங்கிக்கொள்வது. பகுதித் தொகையை ஏற்றால் நோட்டீஸே பலமிழக்கக்கூடும். நோட்டீஸ் போன இடங்களின் எண்களை அன்றே மேனேஜரிடம் கொடுத்து, "இவர்களிடமிருந்து எந்தத் தொகை வந்தாலும் கேட்காமல் வாங்காதீர்கள்" என்று எழுதிச் சொல்லுங்கள். இடவாடகையை உயர்த்துவதற்கு 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சில நகரங்களின் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் அதற்கு மேலும் நிபந்தனை வைக்கும்.

தண்ணீர் பில் திடீரென ஏறிவிட்டது. மேனேஜர் எங்கிருந்து தேட வேண்டும்?

பார்க்கின் பெரிய மீட்டரையும் ஒவ்வொரு வீட்டின் சிறு மீட்டரையும் ஒரே நாளில், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எடுக்க வேண்டும். நாள் தள்ளி எடுத்த அளவுகளை ஒப்பிடுவது வீண். பெரிய மீட்டருக்கும் சிறு மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் தேடத் தொடங்குங்கள்.

வித்தியாசம் எல்லாம் கசிவு அல்ல. புல்வெளி, கிளப் ஹவுஸ், சலவை அறை, நீச்சல்குளத்தில் தானே நிரப்பும் குழாய் ஆகியவற்றுக்குப் பல பார்க்குகளில் மீட்டரே இருக்காது. முதலில் அவற்றுக்கு மீட்டர் போடுங்கள். அடுத்து, பழைய சிறு மீட்டர்கள் தேய்ந்து குறைவாகக் காட்டும். எது காரணம் என்று பிரிக்க இரவுச் சோதனைதான் வழி: அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் பெரிய மீட்டரைப் படியுங்கள். தோட்ட நீர்ப்பாசனத்தை அன்று நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்திலும் சீராக ஓடிக்கொண்டிருந்தால் கசிவு. இரவில் அமைதி, மாதக் கணக்கில் மட்டும் இடைவெளி என்றால் சிறு மீட்டர்கள் பொய் சொல்கின்றன.

நிமிடத்துக்கு ஒரு காலன் என்பது சிறு ஒழுகலாகத்தான் தோன்றும். நாளுக்கு 1,440 காலன், மாதத்துக்கு 43,200 காலன். பில்லில் 748 காலன் ஓர் அலகு என்றால் கிட்டத்தட்ட 58 அலகு. அதையே கழிவுநீர்க் கட்டணத்துக்கும் அடிப்படையாக வைக்கும் ஊர்களில் நட்டம் இரட்டிப்பு.

கசிவு என்று தெரிந்தால் பகுதி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மீட்டரைப் பாருங்கள். ஓட்டம் நிற்கும் பகுதியில்தான் கோளாறு. இங்கேதான் பழைய பார்க்குகள் மாட்டிக்கொள்ளும்: பல வருடம் தொடாத வால்வு திரும்பாது, அல்லது திரும்பினாலும் மூடாது. வருடத்துக்கு இரண்டு முறை எல்லா வால்வுகளையும் முழுக்க மூடித் திறக்க வேண்டும். எந்த வால்வு எந்த இடங்களுக்கு என்று வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை மேனேஜர் வண்டியிலும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். பராமரிப்புக்காக 2 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரை நிறுத்துவதானால் 72 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவசர நிலைக்கு இது பொருந்தாது.

வீடுகளுக்குள் பெரிய குற்றவாளி டாய்லெட் தொட்டியின் ரப்பர் மூடி. அது சரியாக உட்காராவிட்டால் நாளுக்கு 200 காலன் சத்தமின்றிப் போகும். 1978 முதல் 1995 வரை போட்ட சாம்பல் நிற பாலிபியூட்டிலீன் குழாய் உள்ள வீடு என்றால் இணைப்புகளில் உடையும் என்று எதிர்பார்க்கலாம். குடிநீரின் குளோரின் அதை உள்ளிருந்தே உதிரவைக்கிறது. வீட்டு மீட்டர் கூடினால் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் மீட்டர் எடுத்த அன்றே மேனேஜர் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால், மாதக் கடைசியில் பில் சண்டை வராது.

பார்க்குக்குச் சொந்தக் கிணறு இருந்து, 15 இணைப்போ 25 பேரோ இருந்தால் அது சட்டப்படி பொதுக் குடிநீர் அமைப்பு. பரிசோதனை, அறிக்கை, தகுதிபெற்ற இயக்குநர் எல்லாம் வேண்டும். மேனேஜர் ஓய்வு நேரத்தில் பார்க்கும் வேலை அல்ல.

கழிவுநீர் அடைப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதே?

பிரதான குழாய் அடைத்தால் மிகத் தாழ்வான வீட்டின் குளியல் தொட்டியில்தான் முதலில் மேலே வரும். அந்த வீட்டுக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. மேட்டில் இருப்பவர்களின் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும்தான் அங்கே வந்து நிற்கின்றன. "கழிப்பறையில் போடலாம்" என்று உறையில் எழுதியிருந்தாலும் ஈரத்துடைப்பான் குழாயில் கரையாது.

4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். மண் இறங்கி ஒரு இடம் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, கொழுப்பு படிந்து, அடைப்பு வாடிக்கையாகிவிடும். சுருள் கம்பி விட்டால் நடுவில் ஓட்டை மட்டும் விழும், இரண்டு வாரத்தில் மறுபடி மூடும். உயரழுத்தத் தண்ணீர் விட்டுச் சுவரைச் சுத்தம் செய்து, அதன்பின் கேமரா விடுங்கள். அழுக்கோடு கேமரா விட்டால் காசு நட்டம். 1940-கள் முதல் 70-கள் வரை பதித்த, தாரில் ஊறிய நாரால் ஆன குழாய் இருந்தால் கேமராவில் அது முட்டை வடிவில் நசுங்கித் தெரியும். அதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மேனேஜர் ஒவ்வொரு அடைப்புக்கும் நாள், இட எண், வெளியே வந்தது வேரா கொழுப்பா துணியா என்று எழுதட்டும். ஆறு மாதத்தில் ஒரே இடம் இரண்டு முறை வந்தால் கேமரா.

மின்சாரம், எரிவாயுவில் மேனேஜர் எதுவரை போகலாம்?

பார்க்கலாம், மூடலாம், கூப்பிடலாம். திறந்து பழுதுபார்க்கக் கூடாது.

பழைய மின் பெடஸ்டல்கள் (ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே நின்று மின் இணைப்பு தரும் பெட்டிகள்) பல 50 ஆம்பியர் அளவுக்கானவை. இன்றைய தேசிய மின் விதி மொபைல் ஹோமுக்குக் குறைந்தது 100 ஆம்பியர் கேட்கிறது. குடியிருப்பவர் யாரிடமும் கேட்காமல் பெரிய ஏசி வைத்தால் பிரேக்கர் அடிக்கடி விழும். பெரிய பிரேக்கராக மாற்றிவிடுவது மிக ஆபத்தான "தீர்வு": கம்பி தாங்கும் அளவு மாறவில்லை, சூடாகிப் பற்றும். ஒரு வீட்டில் சில விளக்குகள் மங்கி, அதே நேரத்தில் மற்றவை வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு அன்றே மின்பணியாளரை அழைக்க வேண்டும். காத்திருந்தால் வீட்டிலுள்ள சாதனங்கள் எரியும்.

எரிவாயு பார்க்கின் பெரிய மீட்டர் வழியாக வந்தால் நீங்கள் ஒரு எரிவாயு நிறுவனம் போல மத்திய விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்: கசிவு ஆய்வு, முக்கிய வால்வுகளுக்கு ஆண்டு ஆய்வு, அந்தந்த வேலைக்குத் தகுதி பெற்ற ஆட்கள், எல்லாவற்றுக்கும் பதிவேடு. கலிபோர்னியாவில் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் வந்து சோதிக்கும். நடக்கும்போது மேனேஜர் பார்க்க வேண்டியவை: மீட்டரைச் சுற்றிக் கட்டிய கொட்டகை, மீட்டர் மேல் சாய்ந்த சைக்கிள், வண்டி இடிக்கும்படி நிற்கும் காவலில்லாத குழாய். வாசனை வந்தால் ஆட்களை வெளியேற்றி, தூரமாகப் போய் அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும். மூடிய வாயுவைத் தகுதி பெற்றவர்தான் திறக்கலாம்.

அதே ஆணையம் 2015 முதல் பழைய பார்க்குகளின் மின், வாயு இணைப்புகளை மின்-வாயு நிறுவனமே புதிதாகப் போட்டு நேரடியாக எடுத்துக்கொள்ளும் திட்டத்தை நடத்துகிறது. உங்கள் பார்க்குக்கு முறை வரவிருந்தால் பழைய அமைப்பில் பெரிய பணம் போடுவதற்கு முன் விசாரியுங்கள்.

விதி மீறல் நோட்டீஸ் எப்படி எழுதுவது?

விதி எண், நாள், நேரம், கண்ணால் கண்டது, எப்போதைக்குள் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான். "உங்கள் இடம் அசிங்கமாக இருக்கிறது" என்பது நோட்டீஸ் அல்ல. "மார்ச் 3, காலை 10 மணி, இட எண் 42, கார் நிறுத்தும் இடத்தில் சக்கரமில்லாத வெள்ளைக் கார், விதி 14" என்பதுதான் நோட்டீஸ். சரிசெய்ய 7 நாள் எழுத்துமூல அவகாசம் சட்டத்தில் உண்டு. புகைப்படம் சேருங்கள். அதே மீறல் உள்ள எல்லா இடங்களுக்கும் அதே வாரத்தில் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் பழிவாங்கல் என்று வாதாட இடம் கிடைக்கும். புதிய விதியை நினைத்த நேரத்தில் போட முடியாது: குடியிருப்பவர்களைக் கூட்டிக் கலந்து பேச வேண்டும், ஒப்பாதவர்களுக்கு 6 மாதம் கழித்தே பொருந்தும், பொழுதுபோக்கு வசதிகள் பற்றிய விதிக்கு 60 நாள்.

மேனேஜர் வீட்டுக்குள் போகலாமா?

எழுத்துமூலச் சம்மதமின்றிக் கூடாது. அவசரமோ கைவிடப்பட்ட வீடோ விதிவிலக்கு. குழாய், மரம், பாதை பராமரிப்புக்காக இடத்துக்குள் நுழையலாம், அதுவும் குடியிருப்பவருக்குத் தொந்தரவில்லாத நேரத்தில்.

வீடு விற்கும்போது அவருடைய பங்கு என்ன?

விண்ணப்பத்தை வாங்கித் தேதி முத்திரை குத்தி, அன்றே உங்களுக்கு அனுப்புவது. தேவையான தகவல் வந்த 15 வேலை நாளுக்குள் ஏற்பையோ மறுப்பையோ எழுத்தில் சொல்ல வேண்டும். மேசை மேல் கிடந்து காலம் போனால் விற்பவருக்கு ஏற்படும் நட்டம் உங்கள் மேல் வரும். உரிமம் இல்லாத மேனேஜர் கமிஷனுக்கு வீடு விற்றுக் கொடுக்கக் கூடாது.

55 வயதுக்கு மேற்பட்டோர் பார்க் என்றால்?

குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது வயதுக் கணக்கெடுப்பைப் புதுப்பித்து, ஆதாரப் பிரதிகளைக் கோப்பில் வையுங்கள். கோப்பு இல்லையென்றால், குழந்தைகள் உள்ள குடும்பத்தை மறுத்தது பாகுபாடாகவே பார்க்கப்படும். மாற்றுத்திறனாளியின் உதவி விலங்கு செல்லப்பிராணி அல்ல. அதற்குக் கட்டணம் கேட்க மேனேஜரை விடாதீர்கள்.

பேரிடருக்கு என்ன தயாரிப்பு?

1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் வீடுகள் தாங்கு தூண்களிலிருந்து சரிந்து, வாயுக் குழாய்கள் முறிந்து, பல பார்க்குகளில் தீப்பிடித்தது. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரை எரித்த காட்டுத்தீயில் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆக, தனியாக நகர முடியாதவர், ஆக்ஸிஜன் சாதனத்தில் இருப்பவர், கார் இல்லாதவர் யார் என்ற பட்டியல் மேனேஜரிடம் காகிதத்தில் இருக்க வேண்டும். அவரவர் விருப்பத்தோடு தந்த தகவலாக மட்டும் இருக்கட்டும். வாயு, தண்ணீர் வால்வுச் சாவிகள் பூட்டிய அறைக்குள் இருந்தால், அறைச் சாவி இரண்டாவது ஆளிடமும் இருக்க வேண்டும். பார்க்குக்குச் சொந்தமான தீயணைப்பு ஹைட்ரண்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் பதிவு செய்யுங்கள்.

வாராந்திர அறிக்கையில் என்ன கேட்பது?

ஒரு பக்கம் போதும்: காலி இடங்கள், வராத வாடகை, பெரிய தண்ணீர் மீட்டர் அளவு, திறந்த புகார்கள், கொடுத்த நோட்டீஸ்கள், செலவு, பத்துப் புகைப்படங்கள். படங்கள் ஒவ்வொரு வாரமும் அதே பத்து இடங்களில், அதே கோணத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். குப்பைத்தொட்டி அருகே பழைய மெத்தை மூன்று வாரமாகக் கிடப்பது அப்படித்தான் கண்ணில் படும்.

மேனேஜரை மாற்ற வேண்டிய நேரம் எப்படித் தெரியும்?

புகார்கள் நேரடியாக உங்களுக்கே வரத் தொடங்கும், ஆனால் அறிக்கையில் "திறந்த புகார் இல்லை" என்று இருக்கும். ஒரே ஒப்பந்ததாரரின் பில், அதுவும் எல்லைத் தொகையான 300-க்குச் சற்றுக் கீழே 285, 290 என்று அடுக்கடுக்காக வரும். மீட்டர் அளவுகள் வட்டமான எண்களாகவே இருக்கும். அப்படியென்றால் அவர் மீட்டர் மூடியைத் திறக்கவே இல்லை. மாற்ற முடிவெடுத்த நாளில் முதலில் செய்ய வேண்டியது: ஆபீஸ் பூட்டு, வாடகைப் பெட்டிப் பூட்டு, மென்பொருள் கடவுச்சொல் மாற்றம், பிறகு எல்லா இடங்களுக்கும் புதிய தொலைபேசி எண்ணோடு கடிதம், அந்த வாரமே குடியிருப்பவர்களிடமிருந்து அவரவர் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கலிபோர்னியாவில் வேலைநீக்கம் செய்த அன்றே கடைசிச் சம்பளம் முழுவதையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.